லிஸ்டர் வைத்த வெள்ளிக் கம்பி

எங்க பெரியப்பாவோட முழங்கைக்குள்ள கம்பி இருக்கு. கொமரலிங்கத்தில் வரப்பு வழுக்கி விழுந்தவருக்கு, நாம டேபிளில் ஊன்றுவோமே, அந்த முழங்கை நுனி எலும்பு ரெண்டாக உடைந்துவிட்டது. எக்ஸ்ரேயில் ரெண்டு நேரான ஊசி, அவற்றைச் சுற்றி 8 வடிவத்தில் ஒரு கம்பி. மேல்கைத் தசை உடைந்த துண்டை இழுக்கும். கம்பி அந்த இழுவிசையை அமுக்குவிசையாக மாற்றிவிடும். மெக்கானிக்கல் பசங்களே, நம்ம சிலபஸ்தான்!

150 வருஷத்துக்கு முன்னால் இப்படி மூட்டைத் திறக்கவே டாக்டர்கள் நடுங்குவார்கள். கம்பி இல்லாமல் இல்லை. திறந்தால் சீழ் பிடிக்கும், கை போகும், சில சமயம் ஆளே போய்விடுவார். அந்தப் பயத்தை உடைத்தவர்தான் ஜோசப் லிஸ்டர். வாய் கொப்பளிக்கும் லிஸ்டரின் பாட்டிலில் இருப்பது இவர் பெயர்தான், ஆனால் அதைக் கண்டுபிடித்தது இவர் இல்லை.

1827-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி, ஆனால் மைக்ரோஸ்கோப் லென்ஸைத் திருத்திப் பேர் வாங்கியவர். மகன் சர்ஜன் ஆனதும் எடின்பரோவில் ஜேம்ஸ் சைமிடம் சேர்ந்தார். முழங்கை கெட்டுப்போனால் கையையே வெட்டாமல், மூட்டை மட்டும் எடுத்துக் கையைக் காப்பாற்றுவதில் சைம் பேர்போனவர். 1856-ல் அவர் மகள் ஆக்னஸைக் கல்யாணமும் செய்துகொண்டார் லிஸ்டர்.

அடுத்து கிளாஸ்கோ. அங்கே அவர் கை கால் வெட்டிய 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். யோசிச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட பாதி! கெட்ட காற்றுதான் காரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் பாஸ்டரின் கட்டுரைகளைப் படித்தார். அழுகலுக்குக் காரணம் நுண்ணுயிர் என்றால், அதைக் காயத்திலேயே கொல்லலாமே? கார்லைல் ஊரில் சாக்கடை நாற்றத்துக்குக் கார்பாலிக் அமிலம் ஊற்றுவது அவர் காதில் விழுந்திருந்தது.

1865 ஆகஸ்ட் 12. வண்டிச் சக்கரம் ஏறி, தோல் கிழிந்து, கால் எலும்பு உடைந்த 11 வயசுப் பையன் ஒருவன் வந்தான். காயத்தில் கார்பாலிக் நனைத்த துணி வைத்துக் கட்டினார். நாலு நாள் கழித்துத் திறந்தால் சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. அதற்குப் பின் 40 பேருக்குக் கை கால் வெட்டியதில் இறந்தவர்கள் 6 பேர்தான்.

கண்ணுக்குத் தெரியாத பூச்சியா என்று சிரித்தவர்கள் லண்டனில் நிறைய. 1877-ல் அங்கே போனவர், தோல் கிழியாத முழங்கால் சில்லைத் தானே திறந்து வெள்ளிக் கம்பியால் கட்டினார். நோயாளி செத்திருந்தால் லிஸ்டரின் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். மூட்டு நன்றாகவே கூடியது. முழங்கை நுனியையும் இதே மாதிரி கம்பி போட்டுச் சேர்த்தார்.

எனக்குப் பிடித்தது வேற விஷயம். காற்றில் கார்பாலிக்கைப் பீய்ச்சும் ஸ்பிரே அவருடைய ஐடியாதான். அது தேவையில்லை என்று தெரிந்ததும், 1890-ல் எல்லோர் முன்னாலும் அதைக் கைவிட்டார். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நமக்கு இது வருமா?

1912-ல் இறந்தார். வெள்ளிக்குப் பதில் இப்போ ஸ்டீல். எலும்பு நொறுங்கிப் போனால் கம்பிக்குப் பதில் பிளேட். கம்பி உறுதியாகப் பிடித்திருந்தால் சீக்கிரமே கையை மடக்கி நீட்டச் சொல்வார்கள். ரொம்ப நாள் அசையாமல் வைத்தால் முழங்கை இறுகிவிடும். பெரியப்பா வலி தாங்காமல் பிசியோதெரபிக்கு நாலு தடவை மட்டம் போட்டார், பெரியம்மா விடவில்லை. கடைசிக் கொஞ்சம் டிகிரி நீட்ட இன்னும் வரலை. 30 முதல் 130 டிகிரி வரை மடங்கினால் அன்றாட வேலைக்குப் போதுமாம். சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிறார், மண்வெட்டியும் பிடிக்கிறார்.