வீட்டைவிட்டு விரட்டியும் கல்விப் பணியைக் கைவிடாத பூலே

பூனாவைச் சேர்ந்த ஜோதிராவ் பூலே 1827-ம் ஆண்டு பிறந்தார். பூ வியாபாரம் செய்த குடும்பம். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தார்.

1848-ல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். மனைவி சாவித்திரிபாய்தான் ஆசிரியை. அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் பூலேதான்.

ஊரார் கொதித்தனர். பள்ளிக்குப் போகும் வழியில் சாவித்திரிபாய் மீது சாணியை வீசினர். அவரோ மாற்றுப் புடவையைக் கையோடு கொண்டுபோய், அதை உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார். ஊருக்குப் பயந்த தந்தை, மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். பூலே கல்விப் பணியைக் கைவிடவில்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் பள்ளிகள் திறந்தார்.

அப்போது அமெரிக்காவில் கறுப்பின மக்களை ஆடுமாடுபோல் ஏலம் போட்டு விற்றுவந்தார்கள். தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே குற்றம்! பூனாவில் சாணி, அங்கே சட்டம். உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ல் அந்த அடிமை முறை ஒழிக்கப்பட்டது.

இது பூலேயின் மனதில் ஆழமாகப் பதிந்தது. சாதியால் ஒடுக்கப்பட்டவர்களும் அடிமைகளே என்று விளக்கி, 1873-ல் ‘குலாம்கிரி’ என்ற மராத்தி நூலை எழுதினார். அடிமைத்தனம் என்பது அதன் பொருள். இருவர் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்ளும் நடை. கறுப்பின அடிமைகளை மீட்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே அந்நூலைக் காணிக்கையாக்கினார்.

1890 நவம்பர் 28-ல் பூலே காலமானார். சாவித்திரிபாய், 1897-ல் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அதே நோயால் இறந்தார்.