ஞாயிற்றுக்கிழமை ஓடாத ஓட்டக்காரர்



நம்முடைய வாலிபர்களுக்கு விளையாட்டு என்றால் உயிர். பெற்றோருக்கோ ஒரே கவலை: இந்தப் பையன் மைதானமே கதியென்று கிடக்கிறானே, ஆவிக்குரிய வாழ்க்கை என்ன ஆகுமோ என்று. இந்த இரண்டு கூட்டத்தாரும் அறிய வேண்டிய ஒரு தேவ மனிதர் எரிக் லிடெல். உலகம் அவரை ஒலிம்பிக் வீரர் என்று மட்டும் சொல்லும். ஆனால் அவர் நல்ல உழைப்பாளி, அன்பான கணவர், மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன்.

1902 ஜனவரி 16ம் தேதி சீன தேசத்தில் தியான்ஜின் பட்டணத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டு மிஷனரிகள். பெற்றோர் சீனாவில் ஊழியம் செய்ய, எரிக்கும் அண்ணன் ராபும் சிறுவயதிலேயே இங்கிலாந்தில் மிஷனரி பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் விடப்பட்டார்கள். அப்பா அம்மா முகம் பார்க்காமல் வருஷக்கணக்காக வளருவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கும்போதே ஸ்காட்லாந்து அணிக்காக ஏழு ரக்பி ஆட்டங்கள் ஆடினார். ஓடும்போது தலையைப் பின்னால் சாய்த்து, கைகளை வீசி, கண்டபடி ஓடுவார். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பிடிக்க முடியாது! 1923ல் ஒரு 440 கெஜ ஓட்டத்தில் இன்னொருவர் இடித்ததில் கீழே விழுந்தார். எல்லாரும் முன்னே போய்விட்டார்கள். எழுந்தார், ஓடினார், முதலாவதாக வந்தார். கூச்ச சுபாவமுள்ள இந்த வாலிபர் அதே வருஷத்தில்தான் ஜனங்களுக்கு முன்பாக நின்று ஆண்டவரைக் குறித்து சாட்சி சொல்லத் தொடங்கினார்.

1924ல் பாரீஸில் ஒலிம்பிக். 100 மீட்டர் ஓட்டத்தில் அவர்மேல்தான் எல்லாருக்கும் நம்பிக்கை. ஆனால் அதன் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை. அது கர்த்தருடைய நாள், நான் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1981ல் வந்து ஆஸ்கார் பரிசு பெற்ற ஆங்கிலப் படத்தில், கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு இது தெரியவந்ததுபோலக் காட்டியிருக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அத்தனை மாதமும் நெருக்கினார்கள், ஏசினார்கள், தேசப்பற்று இல்லாதவர் என்றுகூட பேசினார்கள். ஒரு நாள் வைராக்கியம் காட்டுவது சுலபம். பல மாதம் ஏச்சு வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பது சுலபமல்ல.

அவர் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. 200, 400 மீட்டருக்குப் பாடுபட்டுப் பயிற்சி எடுத்தார். 200 மீட்டரில் வெண்கலம் கிடைத்தது. ஜூலை 11ம் தேதி 400 மீட்டர் இறுதி ஓட்டம். 47.6 விநாடியில் ஓடி, ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார்!

இனி என்ன? பேர், புகழ், மாலை மரியாதை. ஊரில் இருந்திருந்தால் ராஜா மாதிரி வாழ்ந்திருக்கலாம். அவரோ மறுவருஷமே, 1925ல், சீனாவுக்குக் கப்பல் ஏறினார். தியான்ஜினில் ஒரு கல்லூரியில் விஞ்ஞானமும் விளையாட்டும் கற்றுக்கொடுத்தார். 1932ல் போதகராக அபிஷேகம் பண்ணப்பட்டார். 1934ல் கனடா தேசத்து மிஷனரிகளின் மகள் ஃப்ளாரன்ஸை விவாகம் செய்தார். பட்ரீஷியா, ஹெதர் என்று இரண்டு பெண்பிள்ளைகளைக் கர்த்தர் கொடுத்தார்.

1937ல் ஜப்பானியர் சீனாவின்மேல் படையெடுத்தார்கள். அந்த ஆபத்தான நேரத்தில் எரிக், அண்ணன் ராப் டாக்டராக இருந்த சியாவோசாங் கிராமப் பகுதிக்கு ஊழியத்துக்குப் போனார். குடும்பம் பட்டணத்தில், இவர் கிராமத்தில். இரண்டு பக்கத்துப் படைகளுக்கும் நடுவே சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். 1941ல் நிலைமை இன்னும் மோசமானது. கர்ப்பமாயிருந்த மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, ஊழியத்துக்காக இவர் தங்கினார். மூன்றாவது மகள் மௌரீன் அங்கே பிறந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தை அவர் இந்த உலகத்தில் பார்க்கவே இல்லை.

1943ல் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான ஜனங்கள், இடமோ கொஞ்சம், சாப்பாடும் கொஞ்சம். தங்கப் பதக்கக்காரர் அங்கே என்ன செய்தார்? வயதானவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். புத்தகம் இல்லாததால் ரசாயனப் பாடத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். உடைந்த ஹாக்கி மட்டைகளைப் படுக்கைத் துணியைக் கிழித்துக் கட்டி சரிபண்ணினார். பெற்றோரைப் பிரிந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் அநேகர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அவர் எரிக் மாமா. சொந்தப் பிள்ளைகளைத் தூக்க வழியில்லாத தகப்பன், தாய் தகப்பன் அருகில் இல்லாத பிள்ளைகளை அணைத்துக்கொண்டார்.

அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு கிடையாது என்பதுதான் அவர் கொள்கை. ஆனால் ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். கண்டிக்க ஆளில்லாமல் அது அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு மைதானத்தில் நடுவராக வந்து நின்றது யார் தெரியுமா? எரிக் லிடெல்!

பிரியமானவர்களே, ஞாயிறு விளையாட இதை லைசென்ஸாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலகமே கெஞ்சியும் தன் புகழுக்காக ஓடாத மனுஷன், அடித்துக்கொண்ட சின்னப் பிள்ளைகளுக்காக இறங்கி வந்தார். தன் விஷயத்தில் கண்டிப்பு, பிறர் விஷயத்தில் இரக்கம். நாம் பலநேரம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் அல்லவா?

1945 பிப்ரவரி 21ம் தேதி, மூளையில் வந்த கட்டியினால், 43வது வயதில் அந்த முகாமிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்றைக்கும் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மே மாதத்தில்தான் ஃப்ளாரன்ஸுக்கு மரணச் செய்தி கிடைத்தது. ஆகஸ்டில் முகாம் விடுதலையானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

வாலிபனே, விளையாடு, ஓடு, ஜெயி! ஆனால் ஜெயித்த பிறகு தண்ணீர் வாளியைத் தூக்குவாயா? தகப்பன்மாரே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு, தகப்பன் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உங்களை மாமா என்று கூப்பிடுகிறதா? கர்த்தர் நம்மையும் அப்படி எடுத்துப் பயன்படுத்துவாராக. ஆமென்.