எறிதட்டாட்டத்தின் தந்தை எட் ஹெட்ரிக்

விளையாட்டை வெறும் பொழுதுபோக்கென்று கருதுவார் நம்மிற் பலர். அதற்கோர் ஒழுங்கமைத்துக் கற்றுக்குட்டிக்கும் கைதேர்ந்தவர்க்கும் இடமளித்த ஒருவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எட் ஹெட்ரிக் என்பார் 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திற் பிறந்தார். 1964-இல் வாம்-ஓ என்னும் கம்பெனியில் அமர்ந்து, ஆங்கு விற்கப்பட்ட பிரிஸ்பி என்னும் வட்டத்தட்டின் மேற்புறத்தே வளையவளையமாய்ச் சிறு வரம்புகள் அமைத்து, அது தள்ளாடாது பறக்குமாறு திருத்தினார். 1967-இல் அதற்குப் பேட்டண்டு உரிமையும் பெற்றார்.

1975-இல் ஓக் குரோவ் பூங்காவில் டிஸ்க் கோல்ப் ஆட்டத்திற்கு முதல் நிலையான களம் அன்னாரது முயற்சியால் அமைந்தது. குறைந்த எறிகளில் தட்டை இலக்கிற் சேர்ப்பவரே இவ்வாட்டத்தில் வென்றவராவர். முதலிற் கம்பங்களே இலக்காயிருந்தமையின், தட்டு பட்டதா இல்லையா என்ற வழக்கு எழுந்தது. அது தீரச் சங்கிலிகள் தொங்கும் கூடையொன்றைச் செய்து, 1977-இல் அதற்கும் உரிமை பெற்றார். 1976-இல் தொழில்முறை டிஸ்க் கோல்ப் சங்கத்தை நிறுவி, அதன் முதலாம் எண் அங்கத்தினரானார். பின்னர் அதனை ஆட்டக்காரரிடமே ஒப்படைத்தார்.

நிற்க. அச்சங்கத்தின் போட்டிகள் இன்று படிப்படியாய் வகுக்கப்பட்டுள்ளன. அடியில் சி படி. உள்ளூரார் பெரும்பாலும் ஒரே நாளில் ஆடி முடிப்பது. அதன்மேல் பி, ஏ என்பன. அவற்றின்மேல் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் கூடும் எலைட் வரிசை. உச்சியில் உலகப் போட்டி முதலிய மேஜர்கள். படி உயருந்தோறும் பரிசு, நடுவர், ஏற்பாடு ஆகியவற்றின் நியமங்களும் உயரும். பணப்பரிசு கருதாது ஆடுவோர்க்குத் தனிப்பிரிவுகளும், தனி உலகப் போட்டியுமே உண்டு.

இங்ஙனம் வகுத்தல் எளியாரை ஒதுக்குவதாகாதோ என்று சிலர் ஐயுறலாம். கீழ்ப்படி இல்லாத ஏணியில் எவர்தாம் ஏறவல்லார்? சி படியிற் பெற்ற புள்ளிகளும் கணக்கில் ஏறுவனவே. முதல்வகுப்பில் அமர்ந்த சிறுவனைப் பட்டதாரி இகழ்வானாயின், தான் வந்த வழியை மறந்தவனாவான்.

2002-ஆம் ஆண்டிலே பணப்பரிசு கருதாதார் உலகப் போட்டியைக் காண ஹெட்ரிக் மியாமி நகர் சென்றார். தட்டுகளால் பொருளும் புகழும் ஈட்டிய பெரியார், முதுமையிலும் அவர்களிடையே இருக்க விழைந்தமை நாம் கருதத்தக்கது. ஆங்கு வாதநோயால் தாக்குண்டு, அவ்வாண்டு ஆகஸ்டு 12-இல் தமது 78-ஆம் வயதிற் காலமானார். அன்னார் விருப்பப்படியே அவரது சாம்பல் எறிதட்டுகளிற் கலந்து வார்க்கப்பட்டது.

நாமும் எப்படியில் நிற்பினும், கீழ்நிற்பாரை இகழாது மேலேற முயல்வோமாக.