ரொக்கக் கடைக்காரர் இராபர்ட் லெயிட்லா

இந்தப் பொன்விழா மலரில் நம் முன்னோர் நடத்திய கடைகளைப் பற்றிப் பலரும் எழுதுவார்கள். நாங்கள் எழுத எடுத்துக்கொண்டது ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரரை. காரணம் உண்டு. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று கடை வைத்திருக்கும் நாம் தினமும் தடுமாறுகிறோம். அவர் கடைசிவரை தடுமாறவில்லை.

வொயிட்அவே லெயிட்லா என்ற பெயர் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கல்கத்தா, சென்னை, கொழும்பு, பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று நகர நடுவில் மாடி மாடியாக நின்ற கடைகள் அவை. துணி, தொப்பி, பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன.

இராபர்ட் லெயிட்லா 1856இல் ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடிக் கல்கத்தா வந்து, 1882இல் வொயிட்அவே என்ற கூட்டாளியோடு கடை திறந்தார். அப்போது அவருக்கு 26 வயது. பின்னாளில் சௌரங்கியில் குவிமாடமும் மணிக்கூண்டுமாக அவர்கள் எழுப்பிய கட்டடம் இன்றும் நிற்கிறது.

அந்நாளில் துரைமார்கள் கடையில் காசு கொடுப்பதில்லை. சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மாதக் கடைசியில் கணக்கு வரும். வராத கடனையும் சேர்த்துத்தான் கடைக்காரர் விலை வைப்பார். ஒழுங்காகக் கொடுப்பவர் ஓடிப்போனவருக்கும் சேர்த்துக் கொடுத்தார். லெயிட்லா கடையில் ரொக்கம் வைத்தால்தான் பொருள். அதனால் விலை இறங்கியது. சின்னச் சம்பளக்காரர்களும் படியேறினார்கள். கடையின் பெயரையே திரித்து 'ரைட்அவே அண்ட் பெய்ட் ஃபார்', அதாவது 'உடனே, காசு கொடுத்து' என்று கேலி செய்தார்கள். கேலியே விளம்பரமாயிற்று.

பெம்பானில் அது நடந்திருக்குமா? அவர் வாடிக்கையாளருக்கு மாதச் சம்பளம். நம் வாடிக்கையாளர் பால்மரம் வெட்டியவர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. அரிசி மட்டும் தினமும் வேண்டும். எங்கள் அத்தா 555 நோட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தோட்டம் மாறிப் போனவர்களின் பக்கங்கள் அடிக்கப்படாமலே கிடந்தன. கடன்பட்டவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது மார்க்கம், அத்தா கொடுத்தார். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நாங்களும் சில சாமான்களில் ஐந்து காசு, பத்துக் காசு கூட்டியே வைத்திருந்தோம். கையில் காசோடு வந்தவரும் அதைக் கொடுத்தார். லெயிட்லாவைப் படித்த பிறகுதான் அது எங்களை உறுத்தியது.

லெயிட்லா 1906 முதல் 1910 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்தார். அபினி வியாபாரத்தை எதிர்த்தார். அன்று நம் நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்க வருவாயில் ஏறத்தாழ பாதி அபினியிலிருந்து வந்தது. மலாக்காவும் அதில் அடக்கம். 1909இல் ஷாங்காயில் கூடிய அனைத்துலக அபினி ஆணையத்துக்குப் பிரிட்டன் அனுப்பிய குழுவில் லெயிட்லாவும் ஒருவர். குழுவின் தலைவர் சிங்கப்பூரில் கவர்னராக இருந்த கிளமெண்டி ஸ்மித்! அதே ஆண்டு லெயிட்லாவுக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது.

1915 நவம்பரில் காலமானார். அவர் விட்டுச்சென்ற செல்வம் இந்தியாவில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது. நீலகிரியில் கேத்தியிலுள்ள பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் கடைகளில் சாமான் தூக்கிய நம்மவர் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம்.

கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த அவர்கள் கட்டடம் சுதேசமித்திரன் நாளிதழின் கைக்குப் போய், பிறகு வி.ஜி.பி. நிறுவனத்திடம் வந்தது. வானொலிப் பெட்டி முதலானவற்றைத் தவணைமுறையில் விற்றே தமிழ்நாடெங்கும் பேர்வாங்கிய கடை அது.