ஜிம் கார்பெட்: சிறிய தோட்டாவும் சிதறாத குறியும்

குமாவுன் மலைக் கிராமங்களை நடுங்கவைத்த ஆட்கொல்லிப் புலிகளை வீழ்த்திய ஜிம் கார்பெட்டின் பெயரோடு இன்றளவும் சேர்த்துப் பேசப்படுவது, எடை குறைந்த ஒரு ரிக்பி துப்பாக்கி. குறி தவறிய குண்டு ஒரு புலியை எவ்வாறு ஆட்கொல்லியாக்கும் என்பதை நேரில் அறிந்தவரின் கையில் அது இருந்தது.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். அவ்வூரின் அஞ்சலக அதிகாரியாக இருந்த தந்தை கிறிஸ்டோபர் வில்லியம், மகனின் சிறு வயதிலேயே காலமானார். காலாதுங்கி வனங்களில் விலங்குகளின் தடங்களையும் குரல்களையும் கற்று வளர்ந்த கார்பெட், இளமையில் ரயில்வே பணியில் சேர்ந்தார். பிகார் மாநிலம் மொகாமா காட்டில், கங்கைக் கரையில் சரக்குகளை மாற்றி ஏற்றும் பணியை சுமார் 20 ஆண்டுகள் நடத்தினார்.

1907-இல் சம்பாவத் பெண் புலியை அவர் வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவுனிலும் 436 பேரின் உயிரை அது பறித்ததாகக் கணக்கிடப்பட்டது. இறுதி நேரத்தில் தோட்டாக்கள் தீர்ந்துபோக, உடனிருந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிச் சுட நேர்ந்தது. இறந்த புலியைப் பரிசோதித்தபோது, வலப்புறக் கோரைப் பற்கள் இரண்டும் பழைய குண்டுக் காயத்தால் உடைந்திருந்தது தெரியவந்தது. இயல்பான இரையைக் கொல்ல இயலாமல் அது மனிதரை நாடியது என்ற முடிவுக்கு கார்பெட் வந்தார்.

இச்செயலைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜான் ஹூவெட் அவருக்கு .275 ரிக்பி துப்பாக்கியைப் பரிசளித்தார். இதன் தோட்டா, ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் உருவாக்கிய 7 மில்லிமீட்டர் வகையாகும். சுமார் 9 கிராம் எடையுள்ள குண்டு, வினாடிக்கு 800 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாயும். வேகத்தின் காரணமாக அது தொலைவிலும் அதிகம் தாழாமல் செல்லும். சுடுபவரின் தோளைத் தாக்கும் பின்விசையும் குறைவு. ஆயினும் குண்டு சிறியது என்பதால் இதயத்தையோ முதுகெலும்பையோ சரியாகத் தாக்க வேண்டும். தவறினால் காயமுற்ற விலங்கு தப்பிச் செல்லும். மற்றொரு சம்பாவத் புலி உருவாகக் கூடும்.

தெற்கே, திருப்பதியை அடுத்த மாமண்டூர் வனத்தில் ஆட்கொல்லிப் புலியைத் தேடிச் சென்ற கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்திய .405 வின்செஸ்டர் இதற்கு நேர்மாறானது. அதன் குண்டு இருமடங்குக்கும் அதிக எடையுள்ளது, வேகம் குறைந்தது.

1930 ஏப்ரல் 11 அன்று சௌகட் பெண் புலியை கார்பெட் சில அடி தூரத்தில் எதிர்கொண்டார். இடக்கையில் பக்கிக்குருவியின் இரு முட்டைகள் இருந்தன. புலி பாய்ந்துவிடாதபடி, வலக்கையால் மட்டும் துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பி, ஒரே குண்டில் அதை வீழ்த்தினார். கனமான துப்பாக்கி இருந்திருந்தால் அதனை ஒரு கையால் இயக்குவது அரிது. அரசுக் கணக்கின்படி 64 பேரைக் கொன்ற ஆட்கொல்லியின் கதை அத்துடன் முடிந்தது.

காலப்போக்கில் அவர் துப்பாக்கியைவிடத் திரைப்படக் கருவியை அதிகம் நாடினார். புலிகளைப் படம் பிடித்ததுடன், மாணவர்களிடம் வனப் பாதுகாப்பு குறித்துப் பேசினார். 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய உறுதுணையாக இருந்தார். 1944-இல் வெளியான குமாவுன் ஆட்கொல்லிகள் குறித்த நூலில், புலி மனிதரைத் தின்னத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் காயங்களே காரணம் என்றும், கவனமின்றிச் சுடுவது அவற்றுள் ஒன்று என்றும் விளக்கினார்.

1947-இல் சகோதரி மேகியுடன் கென்யாவுக்குக் குடிபெயர்ந்த கார்பெட், 1955 ஏப்ரல் 19 அன்று நியேரியில் காலமானார். தேசியப் பூங்காவுக்கு 1957-இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. பரிசுத் துப்பாக்கி, அவரது நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வசம் இருந்து, பின்னர் அதைத் தயாரித்த ரிக்பி நிறுவனத்திடமே திரும்பியது.