மூன்றைப் பெருக்க முனைந்தவர்

இணைந்த கணிதம் கற்கும் எல்லோருக்கும் காவிகள் என்ற பாடம் பழக்கமானது. இரண்டு காவிகளைக் கூட்டலாம், கழிக்கலாம், அதில் ஒரு சிக்கலும் இல்லை. பெருக்கும் இடத்துக்கு வரும்போதுதான் விசித்திரம் தொடங்குகிறது. அங்கே ஒன்றுக்கு இரண்டு பெருக்கங்கள் இருக்கின்றன. ஒன்று எண்ணிப் பெருக்கம்; அதன் விடை வெறும் எண். மற்றது காவிப் பெருக்கம். அதன் விடை இன்னொரு காவி, முதல் இரண்டுக்கும் செங்குத்தாக நிற்கும். இடம் மாற்றிப் பெருக்கினால் அதன் குறி மாறிவிடும். வகுத்தல் என்பதோ அந்தப் பாடத்திலேயே கிடையாது. ஏன் இப்படி என்று கேட்டால், வரைவிலக்கணம் அப்படித்தான் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்த வரைவிலக்கணத்துக்குப் பின்னால் ஒரு மனிதருடைய பல வருட உழைப்பு இருக்கிறது என்பதை அண்மையில்தான் வாசித்து அறிந்தேன். கணிதம் படிக்காத பெற்றோரும் விளங்கிக்கொள்ளும்படி அவருடைய கதையைச் சொல்லப் பார்க்கிறேன்.

வில்லியம் ரோவன் ஹமில்டன் 1805 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை ஒரு சட்டத்தரணி. மூன்று வயதளவிலேயே குழந்தையைப் பெற்றோர் ட்ரிம் என்ற சிற்றூரில் இருந்த சிறிய தந்தையிடம் அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு மதகுரு, மொழிகளில் பெரும் ஆர்வம் உள்ளவர். ஐந்து வயதில் லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு ஆகியவற்றை வாசித்த அந்தச் சிறுவன், பதின்மூன்று வயதுக்குள் அரபு, பாரசீகம், சமஸ்கிருதம், ஹிந்துஸ்தானி என்று பல மொழிகளைக் கற்றுக்கொண்டான். பதினான்கு வயதில், டப்ளினுக்கு வந்திருந்த பாரசீகத் தூதுவருக்குப் பாரசீக மொழியிலேயே ஒரு வரவேற்புக் கடிதம் எழுதினான். நாம் அலிப், பே எழுத்துகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்கிறோம். சுற்றியுள்ள ஒருவரும் அறியாத எழுத்தை ஓர் அயர்லாந்துச் சிறுவன் அத்தனை ஆசையோடு எழுதிப் பழகியிருக்கிறான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அதற்குள் 1817 இல் தாயையும் 1819 இல் தந்தையையும் அவன் இழந்துவிட்டான்.

மொழிகளின் பக்கம் போயிருக்க வேண்டிய அவனைக் கணிதத்தின் பக்கம் திருப்பியதில் ஒரு போட்டிக்கும் பங்குண்டு. சேரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன் பெரிய பெரிய எண்களை மனதாலேயே கணித்துக் காட்டி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். அவனோடு ஹமில்டனைப் போட்டியிட வைத்தார்கள். பெரும்பாலும் தோற்றது ஹமில்டன்தான். அதன் பிறகு எண்கள் அவரை விடவில்லை. 1822 இல், பிரான்ஸின் புகழ்பெற்ற கணிதவியலாளர் லப்லாஸ் எழுதிய வானியல் நூலிலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். மறு வருடம் டப்ளின் திரித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1827 இல், பட்டம் பெறுவதற்கு முன்பே, வானியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. நகருக்கு வெளியே டன்சிங்க் வானாய்வு நிலையம் அவருடைய வீடாயிற்று. வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார்.

அவருடைய சகோதரிகளும் அங்கே வந்து வாழ்ந்தார்கள். அவர்களில் எலைசா கவிதை எழுதி நூலாக வெளியிட்டவர். ஆனால் அண்ணன் பேராசிரியராக இருந்த கல்லூரியின் வாசல் அவருக்குத் திறக்கவில்லை. அக்கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1904 இல்தான். ஹமில்டனும் கவிதை எழுதினார். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வேர்த் அவருடைய நண்பர். உமது திறமை விஞ்ஞானத்தில்தான் இருக்கிறது என்று அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னவரும் அவரே. இளமையில் ஹமில்டன் விரும்பிய பெண்ணை வேறொருவருக்கு மணமுடித்துக் கொடுத்த கதையைப் பலர் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எனக்கோ அதைவிட அவருடைய பெருக்கல் துயரம்தான் பெரிதாகப் பட்டது. 1833 இல் அவர் ஹெலன் பெய்லி என்பவரைத் திருமணம் செய்தார். இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் பிறந்தார்கள். ஒளியியலிலும் இயக்கவியலிலும் அவர் செய்தவை மட்டுமே ஒருவருடைய புகழுக்குப் போதும். 1835 இல் சேர் பட்டமும் கிடைத்தது.

இனிப் பெருக்கல் துயரத்துக்கு வருகிறேன். சிக்கலெண் என்பதை இரண்டு எண்களின் சோடியாகப் பார்க்கலாம் என்று காட்டியவர் ஹமில்டன். ஒரு சோடி தளத்தில் ஒரு புள்ளியைக் குறிக்கும். இரண்டு சோடிகளைப் பெருக்கினால் என்ன நடக்கிறது? ஒன்றின் நீளம் மற்றதன் நீளத்தால் பெருகுகிறது, திசையும் சுழல்கிறது. ஒரு கடதாசியின் மேல் உள்ள எல்லாச் சுழற்சியையும் ஒரு பெருக்கலுக்குள் அடக்கிவிடலாம். ஆனால் நாம் வாழ்வது கடதாசியின் மேல் அல்லவே. நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள வெளியில் வாழ்கிறோம். அப்படியானால் மும்மூன்று எண்களை எடுத்து அதேபோல் பெருக்க முடியாதா? இதுதான் அவரை வருடக்கணக்காக அலைக்கழித்த கேள்வி.

1843 ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் வீட்டிலும் இதே பேச்சுத்தான். காலைச் சாப்பாட்டுக்கு அவர் இறங்கி வரும்போதெல்லாம், மூன்றைப் பெருக்க முடிந்ததா என்று பிள்ளைகள் கேட்பார்களாம். மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு எட்டு. கூட்டவும் கழிக்கவும் மட்டும்தான் முடிகிறது என்று தந்தை கவலையோடு தலையசைப்பாராம். அந்தக் காலைகளைப் பற்றி அவர் இளைய மகனுக்கு எழுதியது 1865 இல், இறப்பதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போது.

உண்மை என்னவென்றால், அவர் தேடிய பொருள் உலகத்திலேயே இல்லை. அதை நாமே சோதித்துப் பார்க்கலாம். பெருக்கும்போது நீளமும் நீளமும் பெருக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஆள்கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் நீளத்தின் வர்க்கம் கிடைக்கும். இரண்டு எண்களுக்கு இது அழகாகப் பொருந்தும். 5 என்பது 1, 4 ஆகிய வர்க்கங்களின் கூட்டுத்தொகை. 13 என்பது 4, 9 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இரண்டையும் பெருக்கினால் 65. அதுவும் 1, 64 என்ற இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை. இப்போது மூன்றுக்குப் போவோம். 3 என்பது 1, 1, 1. 21 என்பது 1, 4, 16. பெருக்கினால் 63. 63ஐ மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதிப் பாருங்கள். எவ்வளவு நேரம் முயன்றாலும் வராது. நான்கு வர்க்கங்கள் என்றால் உடனே வந்துவிடும்: 49, 9, 4, 1. இந்த 63 பற்றி லெஜாந்தர் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் தமது நூலில் ஏற்கனவே குறிப்பிட்டிருந்தார். ஹமில்டன் அதை வாசித்துப் பொருத்திப் பார்த்திருந்தால் முயற்சியைக் கைவிட்டிருப்பார். வாசிக்காததும் நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஒக்டோபர் 16 ஆம் திகதி ஒரு திங்கட்கிழமை. டப்ளினில் அயர்லாந்து ரோயல் கழகத்தின் சபைக் கூட்டம். ஹமில்டன் அதன் தலைவர். ரோயல் கால்வாய்க் கரை வழியே மனைவியோடு நடந்து கொண்டிருந்தார். ஹெலன் இடையிடையே ஏதோ பேசினார். கணவரின் மனமோ உள்ளே வேறொன்றை ஓட்டிக்கொண்டிருந்தது. ஹெலன் என்ன பேசினார் என்று வரலாற்றில் எங்கும் பதிவாகவில்லை. புரூம் பாலத்தை நெருங்கும்போது சட்டென்று விடை வந்தது. மூன்று போதாது, நான்காவது ஒன்று வேண்டும்!

ஐ, ஜே, கே என்ற மூன்று கற்பனை அலகுகள், அவற்றோடு ஒரு சாதாரண எண். ஐயையும் ஜேயையும் பெருக்கினால் கே. ஜேயை முதலில் வைத்துப் பெருக்கினால் அதே கே, ஆனால் எதிர்க்குறியோடு. உடனே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அதுவும் போதாமல், சட்டைப்பையில் இருந்த கத்தியால் பாலத்தின் கல்லிலும் கீறிவைத்தார். ஐயின் வர்க்கம், ஜேயின் வர்க்கம், கேயின் வர்க்கம், மூன்றையும் வரிசையாகப் பெருக்கிய விடை, இந்த நான்கும் −1க்குச் சமன் என்பதே அவர் கீறியது. அன்றைய கூட்டத்திலேயே, அடுத்த அமர்வில் இதைப் பற்றிக் கட்டுரை வாசிக்க அனுமதியும் பெற்றுக்கொண்டார்.

இதில் துணிச்சல் எங்கே இருக்கிறது என்று பெற்றோர் கேட்கலாம். மூன்றை நாலால் பெருக்கினாலும் நாலை மூன்றால் பெருக்கினாலும் பன்னிரண்டுதான் என்பதைச் சின்ன வகுப்பில் படித்தோம். அந்த விதி இல்லாத ஓர் அட்சரகணிதத்தை அதுவரை எவரும் துணிந்து கட்டியெழுப்பியதில்லை. ஆனால் வெளியில் சுழற்சி உண்மையிலேயே வரிசை பார்க்கும். ஒரு புத்தகத்தை வாசிப்பதற்கு வைப்பதுபோல் மேசையில் மூடிவையுங்கள். மேசையோடு வைத்தே வலஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, எதிர்ப்பக்க ஓரத்தைத் தூக்கி நிமிர்த்துங்கள். அட்டை உங்களைப் பார்க்கும். எழுத்துகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். இப்போது முதலிலிருந்து, நிமிர்த்துவதை முன்னுக்கும் திருப்புவதைப் பின்னுக்குமாகச் செய்யுங்கள். எழுத்துகள் நேராக இருக்கும். அட்டை இடப்பக்கம் பார்க்கும். வரிசை மாறினால் விடை மாறுகிறது. காவிப் பெருக்கத்தில் குறி மாறுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

நான்கு உறுப்புள்ள அந்தப் புதிய எண்ணுக்குக் குவாட்டர்னியன் என்று பெயர் வைத்தார். அதில் தனி எண்ணாக நிற்பதற்கு ஸ்கேலர் என்றும், ஐ, ஜே, கே உள்ள பகுதிக்கு வெக்டர் என்றும் பெயரிட்டவரும் அவரே. வெக்டர் என்ற லத்தீன் சொல்லுக்குச் சுமந்து செல்வது என்று பொருள். ஒரு புள்ளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போவதால் அந்தப் பெயர். நம் நாட்டுப் பாடநூல்களில் அதையே காவி என்கிறோம். மூட்டையைக் காவிக்கொண்டு வா என்று வாப்பா சொல்கிறாரே, அதே காவுதல்தான். நுளம்பை நோய்க் காவி என்று எழுதுவதும் அதனால்தான். காவி உடை என்று எண்ணிக் குழம்பிய தோழிகள் எனக்கு உண்டு.

இரண்டு வெக்டர் பகுதிகளைக் குவாட்டர்னியன் முறையில் பெருக்கினால் விடை இரண்டு துண்டாக விழும். எண்ணாக விழுவது நம்முடைய எண்ணிப் பெருக்கம், குறி மட்டும் மாறியிருக்கும். மற்றது நம்முடைய காவிப் பெருக்கம், அப்படியே. அதாவது நாம் தனித்தனிப் பயிற்சிகளில் செய்யும் இரண்டும் ஒரே பெருக்கலின் இரண்டு பாதிகள். இதை அறிந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை.

எஞ்சிய 22 வருடங்களையும் ஹமில்டன் குவாட்டர்னியன்களுக்கே கொடுத்தார். 1853 இல் வந்த அவருடைய விரிவுரை நூல் மிகப் பெரியது, மிகக் கடினமானது. வாசித்து முடித்தவர்கள் குறைவு. இன்னும் தெளிவாக எழுதுவோம் என்று தொடங்கிய அடுத்த நூல் முன்னையதைவிடப் பெருத்தது. அதை முடிக்காமலே 1865 செப்டெம்பர் 2 ஆம் திகதி காலமானார். மறு வருடம் அதை வெளியிட்டவர், காலைகளில் கேள்வி கேட்ட அந்த மூத்த மகன்.

பிறகு 1880களில், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கிப்ஸும் இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்கே போகாத ஹெவிசைட்டும் தனித்தனியே ஒரே வேலையைச் செய்தார்கள். நான்காவது உறுப்பை நீக்கி, பெருக்கலை இரண்டாக வெட்டி, பௌதிகவியலாளருக்குக் கைக்கு இலகுவான ஒன்றாக ஆக்கினார்கள். ஹமில்டனின் பக்கம் நின்ற டெய்ட் கடுமையாக எதிர்த்தார். சஞ்சிகைகளில் சூடான வாதம் நடந்தது. வென்றது கிப்ஸின் முறைதான். பரீட்சை மண்டபத்தில் நானும் கிப்ஸின் பக்கம்தான். மூன்று மணித்தியாலத்துக்குள் அதுவே சுகம். ஆனாலும் வெட்டியதில் வகுத்தல் தொலைந்துபோனது. குவாட்டர்னியனில் வகுக்கலாம், நம்முடைய காவிகளில் வகுக்க முடியாது.

குவாட்டர்னியன்கள் நீண்ட காலம் மூலையில் கிடந்து, கணினி வந்த பிறகு திரும்பி வந்தன. விண்கலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கணக்கிடவும், திரையில் ஓர் உருவத்தைத் தடங்கலின்றிச் சுழற்றவும் இன்று அந்த நான்கு எண்களைப் பயன்படுத்துகிறார்கள்.

கத்தியால் கீறிய அடையாளம் மழையிலும் காற்றிலும் அழிந்துவிட்டது. 1958 இல் அதே பாலத்தில் ஒரு நினைவுக்கல் பதித்தார்கள். திறந்துவைத்தவர் அயர்லாந்தின் அன்றைய பிரதமர் டி வலேரா. அவரும் ஒரு காலத்தில் கணித ஆசிரியராக இருந்தவர். இப்போது ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 16 ஆம் திகதி, டன்சிங்கிலிருந்து அந்தப் பாலம் வரை கணிதம் படிப்பவர்கள் கூட்டமாக நடந்து போகிறார்கள்.