அலெக்சாந்திரியாவின் அத்தனாசியார்

அத்தனாசியார் (ஏறத்தாழ கி.பி. 296 - மே 2, 373) எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் 45 ஆண்டுகள் ஆயராக இருந்த கிறித்தவ இறையியலாளர் ஆவார். தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். நான்கு உரோமைப் பேரரசர்களின் காலத்தில் ஐந்து முறை வெளியேற்றப்பட்டு, ஏறத்தாழ 17 ஆண்டுகளைத் தம் நகருக்கு வெளியே கழித்தார்.

ஆரியுசும் நைசியா பொதுச்சங்கமும்

அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுசு, மகன் தந்தையால் படைக்கப்பட்டவர் என்றும், அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு என்றும் கற்பித்தார். மாலுமிகளும் மாவரைப்போரும் பாடும் வகையில் இக்கருத்தை அவர் பாடல்களாக்கிப் பரப்பியதாகக் கூறப்படுகிறது. பிளவு பெருகவே, பேரரசர் கான்ஸ்டன்டைன் 325 இல் நைசியாவில் (இன்றைய துருக்கியில் உள்ளது) ஆயர்களின் பொதுச்சங்கத்தைக் கூட்டினார். அத்தனாசியார் அப்போது திருத்தொண்டர். தம் ஆயர் அலெக்சாந்தருடன் அங்குச் சென்றார். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று சங்கம் அறிக்கையிட்டது. இதற்கு ஆளப்பட்ட ஓமோஊசியோசு என்னும் கிரேக்கச் சொல் விவிலியத்தில் இல்லை என்பதே எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம். சொல் இல்லாவிடினும் அதன் பொருள் விவிலியத்தில் உண்டு என்பது அத்தனாசியாரின் மறுமொழி.

அவருடைய வாதத்தின் அடித்தளம் எளிய மக்களின் வழிபாடே எனலாம். மத்தேயு நற்செய்தியின் இறுதியில் உள்ள கட்டளைப்படி, கிறித்தவர் மூவர் பெயராலும் திருமுழுக்குப் பெறுகின்றனர். மகன் படைப்பு எனில், அவர்கள் படைத்தவரோடு ஒரு படைப்பின் பெயரையும் சேர்த்தே முழுக்குப் பெறுகின்றனர். நாள்தோறும் ஒரு படைப்பை வணங்குகின்றனர் என்றாகிவிடும். படைப்பு எதுவும் மனிதரைக் கடவுளோடு இணைக்க இயலாது என்றும் அவர் எழுதினார். பின்னர் செராப்பியோனுக்கு எழுதிய மடல்களில் இதே வாதத்தைத் தூய ஆவிக்கும் விரித்தார்.

நாடு கடத்தல்கள்

328 இல் ஆயரான அத்தனாசியார்மீது குற்றச்சாட்டுகள் குவிந்தன. அர்சேனியுசு என்னும் ஆயரைக் கொன்று, அவருடைய கையை வெட்டி மாந்திரீகத்திற்குப் பயன்படுத்தினார் என்பது அவற்றுள் ஒன்று. அர்சேனியுசு உயிருடன் இருப்பது கண்டறியப்பட்டதால் அது பொய்த்தது. எனினும், கான்ஸ்டாண்டிநோபிளுக்குச் செல்லும் தானியக் கப்பல்களைத் தடுப்பதாக மிரட்டினார் என்ற புகார் எழுந்தபோது கான்ஸ்டன்டைன் அவரை இன்றைய செருமனியில் உள்ள திரியர் நகருக்கு அனுப்பினார். 339 முதல் 346 வரை உரோமை முதலிய மேற்கு நகரங்களில் தங்கினார். 356 பெப்ரவரியில் ஓர் இரவு வழிபாட்டின்போது படைவீரர்கள் கோவிலைச் சூழ்ந்தனர். தப்பிய அவர், ஆறு ஆண்டுகள் பாலைவனத் துறவிகளிடையே மறைந்து வாழ்ந்தார். அவர் எழுதிய அந்தோனியாரின் வாழ்க்கை வரலாறு ஐரோப்பாவில் துறவறம் பரவத் துணைசெய்தது.

அவருடைய ஆதரவாளர்கள் எதிரணியினரைத் தாக்கியதற்குப் பாப்பிரசுச் சான்றும் உண்டு. ஆதலால் அவர்மீதான புகார்கள் அனைத்தும் பொய் எனக் கொள்ள இயலாது. ஆனால் 362 இல் அலெக்சாந்திரியாவில் கூடிய சங்கத்தில், வேறு சொற்களால் அதே நம்பிக்கையை உரைத்தோரை அவர் ஏற்றுக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

367 இல் அவர் எழுதிய உயிர்ப்பு விழா மடலில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் பட்டியலிடப்பட்டுள்ளன. அவர் பெயரால் வழங்கும் அத்தனாசியார் நம்பிக்கை அறிக்கை பிற்காலத்தில் இலத்தீனில் இயற்றப்பட்டதாகும். அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 381 இல் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கம் நைசியாவின் முடிவை உறுதிசெய்தது. கத்தோலிக்க திருச்சபை அவரது விழாவை மே 2 அன்று கொண்டாடுகிறது.